இரண்டு வரிசைப் புல்

என் தோட்டக் கொட்டிலின் உட்சுவரில், சுண்ணாம்புப் பைக்கு மேலே, ஓர் ஆணியில் செம்மஞ்சள் நைலோன் நூல் சுருட்டித் தொங்குகிறது. அதன் கீழே நான்கு மரக்கட்டைகள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம் இருக்கும். ஒரு முனை கூராகச் சீவியது. கூரில் ஒட்டிய மண் இன்னும் சரியாகக் காயவில்லை. குளிர்காலத்துக்கு முன் புல்வெட்டும் இயந்திரத்தின் பெற்றோலை வடித்துவிட வேண்டும் என்று இன்று காலை கொட்டிலுக்குள் போனேன். வடித்து முடித்த பிறகும் வெளியே வராமல், கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைகளைச் சீவியதும் அடித்து இறக்கியதும் நான். சென்ற சனிக்கிழமை பிடுங்கியதும் நான்தான். நூலின் மறுநுனியைப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி நேர்பார்த்துத் தந்தவர் மட்டும் இன்னொருவர். அவரிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆறு வருஷம் இருந்தது. கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அவரைத் தபால்காரர் என்றே சொல்வோம். பெயர் அவருடைய தபால்பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தது. ஆனால் எங்கள் நாக்குக்குள் அடங்குகிற பெயராக அது இல்லை. பிராண்டே என்கிற இந்த டேனிஷ் ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிளில் கடிதம் கொடுத்து ஓய்வுபெற்றவர். பை தொங்கிய தோள் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். நாங்கள் பக்கத்து வீட்டை வாங்கியபோதே அவருக்கு மனைவி இல்லை. ஒரே மகள் ஒடென்சேயில் இருந்தாள். நான் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை, என் மனைவி முதியோர் இல்லமொன்றில். வீடு பார்க்கப் போன அன்று தரகர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். இரண்டு வீட்டுக்கும் ஒரே புற்தரை. வேலி இல்லை, ஒரு செடிவரிசை கூட இல்லை. தெருவோரம் மண்ணுக்குள் ஓர் எல்லைக் குழாய், பின்னால் ஒரு பேர்ச் மரம். இரண்டுக்கும் இடையில் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். "வேலியில்லாத காணியோ?" என்று மனைவியின் காதுக்குள் கேட்டேன். "வேலி இருந்தா அதையும் நீங்கள்தானே திருத்தவேணும். பேசாம வாங்கோ" என்றாள்.

செப்டெம்பர் பிறந்தால் தபால்காரருக்கு வேலை தொடங்கும். பனி காய்ந்த பிறகு, பத்து மணியளவில், தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வருவார். விழுந்த இலைகளை மூங்கில் வாரியால் வாருவார். ஈர இலை ஒரு கிழமை படிந்து கிடந்தால் கீழே புல் மஞ்சளாகிவிடும் என்பது அவருடைய கவலை. வாரியதை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டவும் மாட்டார். பேர்ச் மரத்தடியில் ஒரு குவியலை முள்ளெலிக்கென்று விட்டுவைப்பார். பிறகு தோண்டுமுள்ளால் சாணுக்கு ஒரு குத்துக் குத்தி நிலத்துக்குக் காற்று விடுவார். பாசி பிடித்த இடங்களைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு தூவுவார். என் மனைவி குசினியில் சமையலுக்கு நடுவே ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "அங்க பாருங்கோ, அந்தாள் புல்லுக்குத் தலைவாரி இழுத்து விடுது. எனக்கு ஒருநாளாவது நீங்கள் இழுத்துவிட்டிருக்கிறீங்களோ?" என்பாள். நான் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

நான் வளர்ந்த இடத்தில் முற்றத்தில் புல் முளைத்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அதனால் இங்கே வந்த முதல் இலையுதிர்காலத்தில் என் பங்குப் புல்லை மொட்டையடித்தது போல ஒட்ட வெட்டிவிட்டேன். வசந்தத்தில் பாதித் தரை பாசியாகக் கிடந்தது. தபால்காரர் ஒருநாள் புல்லுக்குக் குறுக்கே நடந்து வந்து, குந்தியிருந்து, சுட்டுவிரலை நிலத்தில் ஊன்றி, விரலின் இரண்டாவது மடிப்பைத் தொட்டுக் காட்டினார். குளிருக்கு முன் இவ்வளவு உயரமாவது விடவேண்டுமாம். எழும்பினார், தொப்பியைத் தொட்டார், வந்த வழியே போனார். எங்களுக்குள் நடந்த நீளமான உரையாடல்களில் அது ஒன்று. மற்றபடி ஒரு வணக்கம், காற்று, மழை, அவ்வளவுதான். ஆனால் அவர் குறுக்கே நடந்து வருவார். எங்கள் பெயருக்கு வந்து அவர் பெட்டியில் விழுந்த கடிதம், ஒரு பை ஆப்பிள், கொடியிலிருந்து பறந்துபோன எங்கள் துவாய், எதைத் தருவதென்றாலும் அந்தப் புல்லின் மேல்தான் அவருடைய வழி. அதை நான் அப்போது கவனித்ததே இல்லை.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லாமல் முடியாது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பக்கத்துப் பக்கத்துக் காணி. நடுவில் கிடுகு வேலி. வேலி அடைக்கிற நாள் வந்தால் எங்கள் வீட்டில் சமையல் நடக்காது. வேலிக் கதியால் கம்புகளை மாற்றும்போது மற்றவர் ஒரு விரற்கடை தள்ளி நட்டுவிடுவார் என்று இரண்டு பேரும் காலை தொடங்கி மாலை வரை எதிரெதிரே நிற்பார்கள். ஒரு வருஷம் பெரியப்பா நகர்த்தினார் என்று அப்பா சொன்னார். அப்பாதான் நகர்த்தினார் என்று பெரியப்பா சொன்னார். வழக்கு, வாய்தா, அளவைக்காரர் என்று பத்து வருஷம் போனது. பெரியப்பா செத்த அன்று அப்பா செத்தவீட்டுக்குப் போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு அங்கிருந்து வந்த செபச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கேட்டார். அந்தக் கதிரையை நான் மறக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது பாருங்கள், முழுதும் தலைகீழான பாடம். அயலவன் கையில் அளவுகயிறு வருமுன் நம் கையில் இருக்கவேண்டும் என்பதுதான் அது.

மனைவிக்குக் கடும் நோய் என்று தெரிந்தது ஓர் ஓகஸ்ட் மாதம். வைலே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொழிற்சாலை முடிய நேரே காரை எடுத்துக்கொண்டு அங்கே போவேன். திரும்பும்போது இருட்டிவிடும். மகள் கொப்பன்ஹேகனில் படித்துக்கொண்டிருந்தாள். சனி ஞாயிறுகளில் ரயிலில் வந்து போவாள். அந்த நாட்களில் என் புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்து, மழையில் சாய்ந்து, மேலே இலைகள் படிந்து கிடந்தது. பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. ஒரு ஞாயிறு காலை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரசம் வைத்துக்கொண்டு ஜன்னலால் பார்த்தபோது ஏதோ இடித்தது. எல்லைக் குழாயிலிருந்து பேர்ச் மரத்துக்குப் போட்டுவைத்த என் மனக்கோட்டைத் தாண்டி, எங்கள் பக்கத்தில் இரண்டு வரிசை புல் வெட்டப்பட்டிருந்தது. புல்வெட்டும் இயந்திரத்தின் அகலத்துக்குச் சரியாக இரண்டு வரிசை. அடுத்த ஞாயிறு நான்கு. அதற்கடுத்த கிழமை ஆறு.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து இதைச் சொன்னேன். அவளுக்கு மருந்தால் வாய் உலர்ந்து போயிருந்தது. "எங்கட புல்லு வளந்து கிடக்கெண்டு மனுசன் வெட்டியிருக்கும். போய் ஒரு நன்றி சொல்லுங்கோ" என்றாள். "உமக்கு இது விளங்காது. உதவியெண்டால் கேட்டுப்போட்டல்லோ செய்யவேணும்? இப்ப புல்லை வெட்டுவினம், பிறகு அதில பூக்கண்டு நடுவினம், பத்து வருஷம் போனாக் காணி தங்கடையெண்டுவினம்" என்றேன். "நான் இஞ்ச படுத்துக் கிடக்கிறன். நீங்கள் அங்க காணி அளக்கிறீங்கள்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

அவள் சொன்னதைக் கேட்கவில்லை. அவளுடைய நோயை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டாக்டர்மார் சொல்வதற்குத் தலையாட்டத்தான் முடிந்தது. ஒரு பலகைத் துண்டைக் கத்தியால் சீவிக் கூராக்க முடியும். அதைச் சுத்தியலால் அடிக்க முடியும். அன்று எனக்கு அந்த அடி தேவைப்பட்டது என்று இப்போது நினைக்கிறேன். நகரசபையிலிருந்து காணிப்படத்தின் பிரதி எடுத்தேன். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை நான்கு கட்டைகளோடும் புது நைலோன் நூலோடும் வெளியே இறங்கினேன். முதற்கட்டையை எல்லைக் குழாய்க்குப் பக்கத்தில் அடித்தேன். தபால்காரர் தன் பக்கத்தில் இலை வாரிக்கொண்டிருந்தவர், வாரியை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் பார்க்காதது போல நூலைக் கட்டி இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். தனி ஆளாக இழுத்த நூல் காற்றில் வளைந்து வளைந்து ஆடியது. நான் படும் பாட்டைப் பார்த்தவர், வாரியை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்து நூலின் நுனியை வாங்கினார். பேர்ச் மரத்தடியில் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடி, எனக்குக் கையால் சைகை காட்டினார். இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம். அவர் காட்டிய பக்கம் அவருடைய பக்கம். நான்கு விரலளவு எனக்கு விட்டுத்தான் அந்த நூல் நின்றது. "இப்போது நேராக இருக்கிறது" என்று டேனிஷில் சொன்னார். தொப்பியைத் தொட்டார். காலைத் தூக்கி வைத்துத் தன் பக்கத்துக்கு நூலைத் தாண்டிப் போனார். அவர் அந்த நூலைத் தாண்டியது அந்த ஒரு தடவைதான்.

அந்த இடத்திலேயே எனக்குப் பிழை விளங்கிவிட்டது. நிலம் பிடிக்க வந்தவன் நூல் பிடித்துத் தருவானா? ஆனால் விளங்குவது வேறு, வாயைத் திறப்பது வேறு. அன்றே திறந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன், மனைவியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றும் இல்லை என்பதால் அனுப்பினார்கள். குசினி ஜன்னலோரம் சாய்வுக் கதிரை போட்டுவைத்திருந்தேன். அவள் முதலில் பார்த்தது நூலைத்தான். "உங்கட அப்பான்ர வேலியை இஞ்சயும் கொண்டுவந்து நட்டிட்டீங்களே" என்றாள். பிறகு ஒருநாள், கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது, "நான் போனாப் பிறகு அந்தாளோட கதையுங்கோ. உங்களுக்கு இஞ்ச வேற ஆர் இருக்கினம்?" என்றாள். ஓம் என்றேன். பெப்ரவரியில் அவள் போய்விட்டாள். அடக்கப் பூசையன்று கோயிலில் தபால்காரர் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் ஒரு பூச்சாடி கொண்டுவந்து தந்தார். அவர் புல்லுக்குக் குறுக்கே வரவில்லை. தன் வாசல் படலையால் தெருவுக்கு இறங்கி, தெருவால் நடந்து, என் படலையால் ஏறி வந்து கதவைத் தட்டினார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷமும் அப்படித்தான். புல்லை நூல் வரை வந்து வெட்டுவார். நூலை அறுத்துவிடாமல் ஒரு கை அகலம் விடுவார். நானும் என் பக்கத்தில் ஒரு கை அகலம் விடுவேன். நடுவில் இரண்டு பேரும் வெட்டாத ஒரு நீளப் புல்வரிசை நெடுக வளர்ந்து முற்றி நின்றது. பேர்ச் இலை இரண்டு பக்கமும் விழும். அவர் தன் பக்கத்தை வாருவார், நான் என் பக்கத்தை வாருவேன். பத்தடி தூரத்தில் இரண்டு வாரிகளின் சத்தம் மட்டும் கேட்கும். உறைபனி முடிந்த ஒவ்வொரு வசந்தத்திலும் மண் பொருமிக் கட்டைகள் சரிந்திருக்கும். ஒருநாள் வேலையால் வந்து பார்க்கும்போது அவை நிமிர்ந்து நிற்கும். நான் நிமிர்த்தவில்லை. ஆக, அவருக்கும் இந்த நூல் பிடித்திருக்கிறது, நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனச்சாட்சிக்கு அது வசதியான கதை. நூலைக் கழற்றினால் ஏன் கட்டினேன் என்று சொல்ல வேண்டிவரும். அதற்கு இந்தக் கதை இடம் தரவில்லை.

ஒருமுறை நவம்பர்க் காற்று அவருடைய தொப்பியைத் தூக்கி என் பக்கத்தில் போட்டது. நூலிலிருந்து மூன்று எட்டுத்தான். நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். அவர் நூலடியில் வந்து நின்றார். தொப்பியைப் பார்த்தார், என் வீட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி, படலையைத் திறந்து, தெருவால் சுற்றி வந்து என் கதவைத் தட்டி, தொப்பியை எடுக்கலாமா என்று கேட்டார். மெல்லிய வெள்ளை முடி காற்றில் எழும்பி நின்றது. நானே போய் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே வாருங்கள், ஒரு தேத்தண்ணி குடியுங்கள், அந்த நூல் என் மடத்தனம் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கடவுள் தந்திருக்க முடியாது. "இன்று காற்று அதிகம்" என்றேன். "ஆம், அதிகம்" என்றார். தெருவால் சுற்றிப் போனார்.

சென்ற வருஷ இலையுதிர்காலத்தில் அவருடைய வாரிச் சத்தம் கேட்கவில்லை. குளியலறையில் விழுந்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்தேன். ஆப்பிள் கூட வாங்கி வைத்தேன். பிறகு அதை நானே தின்றேன். ஏப்ரலில் அவர் காலமானார். அதுவும் எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும், அடக்கம் முடிந்து பத்து நாளுக்குப் பிறகு.

ஜூலையில் அவருடைய மகள் வீட்டைக் காலிபண்ண வந்தாள். இரண்டாம் நாள் என் கதவைத் தட்டி, அப்பாவின் மூங்கில் வாரி எனக்குப் பயன்படுமா என்று கேட்டாள். கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். அவள் ஜன்னலால் நூலைப் பார்த்தாள். அப்பா அதை நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்றாள். பனிக்குச் சரிகிற கட்டைகளை நிமிர்த்துவது தன் பொறுப்பு என்று சொல்வாராம், ஏனென்றால் அது என்னுடைய விருப்பமாம். நான் அந்தப் பழைய இரண்டு வரிசையைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. "பக்கத்து வீட்டுக்காரருடைய மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், முழுதையும் வெட்டினால் வந்து நன்றி சொல்லவேண்டியதாகிவிடும், அதற்கு அந்த மனிதருக்கு எங்கே நேரம் என்று அப்பா சொன்னார். கிழமைக்கு இரண்டு வரிசை என்றால் உங்கள் கண்ணில் படாதாம்." கோப்பையை வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள். "பிறகு நீங்கள் நூல் கட்டினீர்கள். அப்பாவுக்குக் கோபமா என்று கேட்டேன். இல்லை, அவர் தனியாக இருக்க விரும்புகிறார், அதை மதிக்க வேண்டும் என்றார்."

தனியாக இருக்க விரும்புகிறேனாம். மனைவி போனபின் தொழிற்சாலை விட்டு வந்து, தொலைக்காட்சியைச் சத்தத்துக்காகப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மகளுடைய தொலைபேசிக்காகக் கிழமை முழுதும் காத்திருந்தவன் நான். அவளும் இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்பதற்கு டேனிஷில் நாலு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். பத்தடி தூரத்தில் இன்னொருவரும் அப்படியே இருந்திருக்கிறார். எனக்காக என்று நினைத்து அவர் விலகி நின்றார். அன்று அவருடைய மகள் போன பிறகு நான் அழுதேன். மனைவிக்காக அழுததைப் போலவே அழுதேன்.

இந்த நவம்பர், ஆத்துமாக்களின் திருநாளன்று, சேமக்காலைக்குப் போனேன். மனைவியின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி, இந்த ஊர் வழக்கப்படி குளிருக்குப் பச்சை ஊசியிலைக் கொப்புகள் அடுக்கிவிட்டு, அங்கே வேலை செய்கிறவரிடம் தபால்காரரின் இடத்தைக் கேட்டேன். அவர் ஒரு வெளியைக் காட்டினார். கல் இல்லை, பெயர் இல்லை, வரம்பு இல்லை, வெறும் புற்தரை. அப்படித்தான் வேண்டும் என்று சிலர் எழுதிவைப்பார்களாம். சாம்பற்குடம் எந்த இடத்தில் என்று குடும்பத்துக்குக்கூடச் சொல்வதில்லையாம். விரலின் இரண்டாவது மடிப்பு உயரத்துக்கு ஒழுங்காக வெட்டியிருந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் ஓரத்தில் நின்றேன். "அண்ணை, நான் பிழை விட்டிட்டன்" என்றேன். அவர் உயிரோடிருந்தபோது அவரை நான் ஒருமுறைகூட எந்த முறைசொல்லியும் கூப்பிட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் கட்டைகளைப் பிடுங்கினேன். அவருடைய வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நிற்கிறது. புல் ஜூலைக்குப் பின் வெட்டாமல், இலை மூடிக் கிடந்தது. அவருடைய மூங்கில் வாரியால் முதலில், என் பக்கத்தில் நின்றபடியே எட்டிய மட்டும், இலையை வாரினேன். மரத்தடியில் முள்ளெலிக்கு ஒரு குவியல் விட்டேன். பிறகு இயந்திரத்தைக் கிளப்பி எல்லை வரை தள்ளிக்கொண்டு போனேன். நூல் இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் என் கால் நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. இயந்திரத்தை நிறுத்தி, படலையைத் திறந்து, தெருவால் தள்ளிக்கொண்டு அவருடைய படலையால் உள்ளே போனேன். அவருடைய பக்கத்தில் இரண்டு வரிசை வெட்டினேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசியாக நடுவில் நெடுக வளர்ந்து நின்ற அந்தப் புல்லையும் வெட்டினேன். அது ஈரமாக, தடித்துப்போய், இயந்திரத்தை இரண்டு முறை நிற்பாட்டியது.

கொட்டிலை விட்டு வெளியே வர இன்று பதினொரு மணியாகிவிட்டது. இப்போது குசினியில், அவளுடைய கதிரையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நூல் கிடந்த இடத்தில் வெயில் படாத புல்லின் அடி வெளிறி, தெருவிலிருந்து பேர்ச் மரம் வரை நேராக ஒரு கோடு தெரிகிறது. வசந்தத்தில் அதுவும் பச்சையாகிவிடும். அவருடைய ஜன்னல்களில் திரை இல்லை. உள்ளே வெறும் சுவர்கள் தெரிகின்றன. அவள் இருந்திருந்தால் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நூலைக் கழட்டியாச்சு. இனி ஆரோட கதைக்கப் போறீங்கள்?" என்று கேட்டிருப்பாள்.